பழைய டீசல் பிக்கப்பில் வேக்குவம் லைன் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப் மாதிரி இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய டீசல் வண்டிகளை வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேக்குவம் லைன் என்பது, பெடலை மிதிக்கும் காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடத்தைக் கொண்டுபோகும் குழாய். அதனால் இந்த வண்டிகளில் அது முதலில் பிரேக் லைன். மைலேஜ், புகை, இழுவை எல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையிலேயே எழுதப்பட்டவை.

டீசல் எஞ்சினில் வேக்குவம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு பாதி அடைத்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் காற்றை இழுக்கும்போது அந்தத் தகட்டுக்குப் பின்னால் தானாகவே வெற்றிடம் உண்டாகும். பழைய டீசலில் அந்தத் தகடு கிடையாது. காற்று தடையில்லாமல் உள்ளே போகும், வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவு மட்டும்தான். அதனால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தனியாக ஒரு பம்ப் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பிக்கப்களில் இந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில எஞ்சின்களில் கேம்ஷாப்ட் முனையில் இருக்கும். உள்ளே ஒரு ரோட்டரும், அதில் வெளியே வந்து உள்ளே போகும் வேன் தகடுகளும் உண்டு. எஞ்சின் ஆயில் மெல்லிய பைப் வழியாக உள்ளே வந்து தகடுகளை நனைத்து, பூஸ்டரிலிருந்து உறிஞ்சிய காற்றோடு சேர்ந்து தடித்த ஹோஸ் வழியாக ஆயில் சம்ப்புக்கே, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கே, திரும்பிப் போகும். உறிஞ்சிய காற்று வெளியே போவதில்லை, எஞ்சினுக்குள்தான் போகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய செலவைத் தவிர்க்க இதுதான் உதவும்.

லைனில் கோளாறு என்று எப்படித் தெரியும்?

பிரேக் பெடல் கல் மாதிரி இறுகுவதுதான் முதல் அடையாளம். இரண்டு முறை அடுத்தடுத்து மிதித்தால் மூன்றாவது மிதி கட்டையாக இருப்பது, காலையில் ஸ்டார்ட் செய்த உடனே பிரேக் பிடிக்காமல் சிறிது நேரம் கழித்துச் சரியாவது, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது இறுகி ஆக்சிலேட்டர் கொடுத்தால் இளகுவது, இவை எல்லாமே வேக்குவம் பக்கம் கைகாட்டுகின்றன. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போனால் கதை வேறு; அது பிரேக் ஆயிலில் காற்று புகுந்தது அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு.

எந்தக் கருவியும் இல்லாமல் சோதிக்க முடியுமா?

முடியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று சோதனை செய்யலாம்.

எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலின் உயரம் மாறாமல் நிற்கும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்துவிடும். இப்போது பெடலை மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை, அல்லது பூஸ்டரே வேலை செய்யவில்லை.

அடுத்தது, எஞ்சினை ஓரிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். பிறகு நிதானமாக மிதித்து மிதித்து விடுங்கள். முதல் மிதி ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதிகள் படிப்படியாக மேலே நிற்க வேண்டும். முதல் மிதியிலேயே கட்டையாக இருந்தால், வேக்குவத்தைப் பிடித்துவைக்கும் என்.ஆர்.வி (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் வால்வு) அதைக் கைவிட்டுவிட்டது, இல்லையென்றால் அதற்கும் பூஸ்டருக்கும் நடுவில் எங்கோ கசிகிறது.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே எஞ்சினை அணைத்து, அரை நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் கசிவு.

இந்த மூன்றையும் மாதம் ஒருமுறையாவது லோடு ஏற்றும் முன் செய்துபார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்.

வேக்குவம் கேஜில் எவ்வளவு காட்ட வேண்டும்?

பம்பின் வாயில் நேராக கேஜை மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், சமவெளியில் நல்ல பம்ப் பொதுவாக 650 மில்லிமீட்டர் பாதரச அளவையோ அதற்கு மேலோ காட்டும். அங்குலத்தில் குறித்த கேஜ் என்றால் 25, 26. முள் சட்டென்று ஏற வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் வேன் தகடு தேய்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. பம்பை ஆல்டர்னேட்டர் சுற்றுவதால், பெல்ட் தளர்ந்தால் பேட்டரி சார்ஜும் பிரேக்கும் ஒன்றாகவே இறங்கும். சார்ஜிங் லைட் மங்கலாக எரிகிறது, பிரேக்கும் கட்டையாக இருக்கிறது என்றால் முதலில் பெல்ட்டைத் தொட்டுப்பாருங்கள்.

பம்பில் சரியாகக் காட்டுகிறதா? சரி, கேஜை பூஸ்டர் முனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே குறைந்தால் கோளாறு நடுவில் உள்ள ஹோஸிலும் இணைப்புகளிலும்தான். இதைச் செய்யாமல் புது ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கசிவு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

டயர் டியூபுக்கு அது சரி. இங்கே காற்று வெளியே வராது, உள்ளே போகும், சோப்பு நுரைக்காது. கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. பம்பிலிருந்து கிளம்பும் லைன் பூஸ்டருக்கு ஒன்று, வேக்குவம் டேங்க் இருந்தால் அதற்கு ஒன்று, இ.ஜி.ஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) இருந்தால் அதற்கு ஒரு மெல்லிய கிளை என்று பிரியும். கேஜை மாட்டி வைத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி, ஒரு கிளையைக் கழற்றி முனையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். எந்தக் கிளையை அடைத்தபோது முள் மேலே எழும்புகிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஓட்டை. பூஸ்டர் லைனை அடைத்த நிலையில் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது.

கிளை தெரிந்த பிறகு கண்ணும் காதும் போதும். ஹோஸ் சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் இடம், சேஸிஸ் ஓரத்தில் உரசும் இடம், பேட்டரிக்கு அடியில் இரும்பு பைப் துருப்பிடித்த இடம், பிளாஸ்டிக் டீ ஜாயின்ட்டின் கழுத்து. காய்கறி மண்டியிலோ அரிசி ஆலையிலோ இரவு நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள். பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்குள் 'உஸ்' என்று சத்தம் கேட்டால் கவனியுங்கள்: மிதிக்கும் அந்த நொடியில் மட்டும் கேட்டால் அது பூஸ்டர் மூச்சு விடும் சத்தம், கோளாறு இல்லை. காலை எடுத்த பிறகும் நிற்காமல் கேட்டால் பூஸ்டரின் வால்வோ, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயாபிரமோ போய்விட்டது.

ஹோஸ் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ்தான் அதிகம் ஏமாற்றும். ஆயில் ஆவி உள்ளே போய்ப்போய் உள்ளடுக்கு ரப்பர் ஊறி, நூல் அடுக்கை விட்டுப் பிரிந்துவிடும். பழைய ஹோஸ் ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறிப்பாருங்கள்: நடுவில் ஒரு நாக்கு மாதிரி ரப்பர் உரிந்து தொங்கும், விரலால் தொட்டால் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டும். பம்ப் உறிஞ்சும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கிறது. எஞ்சினை அணைத்துக் கழற்றி ஊதினால் தாராளமாகக் காற்று போகும். எல்லாம் சரி என்று திரும்ப மாட்டிவிடுவோம், பிரேக் மட்டும் இறுகியே இருக்கும். எஞ்சின் ஓடும்போது, பெல்ட், ஃபேனிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் ஹோஸை விரலால் அழுத்திப்பாருங்கள். தொளதொளவென்று அமுங்கினாலோ தானே சப்பையாக ஒட்டிக்கொண்டாலோ உடனே மாற்ற வேண்டும்.

"பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (எஞ்சினுக்குள்ளிருந்து ஆவி பீறிட்டு வருகிறது), எஞ்சின் வேலை செய்ய வேண்டும்" என்கிறார்கள். வேக்குவம் லைனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பம்ப் உறிஞ்சும் காற்று சம்ப்புக்குள் போகிறது என்று மேலே சொன்னோம். லைன் இறுக்கமாக இருந்தால் பூஸ்டர் காலியானதும் உறிஞ்ச எதுவும் மிச்சமில்லை, சம்ப்புக்குள் போகும் காற்றும் நின்றுவிடும். எங்கோ ஒரு ஓட்டை இருந்தால் பம்ப் நிற்காமல் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று வேறு வழியில்லாமல் எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் ஹோஸிலும் ஆயில் ஊற்றும் மூடியிலும் டிப்ஸ்டிக் துளையிலும் ஆவியோடு பீறிட்டு வரும். சீல்களில் ஆயில் கசிய ஆரம்பிக்கும். பார்ப்பவருக்கு அது தேய்ந்த பிஸ்டன் ரிங் போலவே தெரியும். ரிங் போய்விட்டது, போர் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினை இறக்கிவிடுவார்கள்.

எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைத் திறந்து எவ்வளவு ஆவி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, பம்பில் வேக்குவம் ஹோஸ் மாட்டும் முனையை ரப்பர் மூடி போட்டு நன்றாக அடையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கத்தில் இருப்பதால் எஞ்சின் ஓடும்போது கையை விட வேண்டாம். மறுபடி ஸ்டார்ட் செய்து அதே மூடியைத் திறந்து பாருங்கள். ஆவி வெகுவாகக் குறைந்தால் கோளாறு லைனிலோ பூஸ்டரிலோதான். கொஞ்சமும் குறையவில்லை என்றால் பிரச்சினை எஞ்சினுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து உறுதிசெய்துகொள்ளலாம்.

எஞ்சினைப் பிரிக்க நாள் குறித்தாகிவிட்ட ஒரு பிக்கப்பில் இப்படி அடைத்துப் பார்த்தபோது, டிப்ஸ்டிக் வழியாகக் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்த ஆவி அடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பூஸ்டர் டயாபிரம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு எஞ்சின் வேலைக்கு ஆகும் பணம் சொந்தமாக வண்டி ஓட்டும் ஒருவருக்கு எத்தனை மாதச் சம்பாத்தியம் என்று யோசித்தால், இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேக்குவம் ஹோஸுக்குள் எஞ்சின் ஆயில் இருக்கிறது. எப்படி வந்தது?

என்.ஆர்.வி பழுது. எஞ்சின் நின்ற பிறகு பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம், பம்பிலிருக்கும் ஆயிலைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. கழற்றித் துடைத்துவிட்டு ஊதிப்பாருங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து பம்ப் பக்கம் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கம் போகவே கூடாது. புதிதாக மாட்டும்போது திசையைக் கவனியுங்கள். திருப்பி மாட்டினால் பிரேக்குக்கு பூஸ்டர் உதவியே இருக்காது. பூஸ்டருக்குள் ஆயில் போயிருந்தால் அதன் ரப்பர் ஊறிவிடும், அதையும் பார்க்க வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் வந்தால் அது பம்பின் ஷாப்ட் சீல். இதோடு பம்பிலிருந்து சம்ப்புக்குத் திரும்பும் ஹோஸ் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கினால் எத்தனை புது சீல் போட்டாலும் தாங்காது. பம்ப் மாற்றும்போது ஆயில் வரும் போல்ட்டின் சின்னத் துளையைச் சுத்தம் செய்து, பம்புக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு கையால் சுற்றிவிட்டு மாட்டுங்கள். காய்ந்த வேன் தகடுகளோடு ஓடவிட்டால் புது பம்பின் ஆயுள் முதல் நிமிடத்திலேயே குறைகிறது.

பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே?

மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து, பூஸ்டர் அதை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து பம்ப் வழியாக எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைத் தளர்த்தி, பைப்பைக் கழற்றாமலே கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் ஈரமா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும், பூஸ்டரையும் சோதிக்க வேண்டும். இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருக்கும் பிரேக் ஊட்டியில் கனமாகத் தெரிகிறது. லைனில் கோளாறா?

கோளாறு இல்லாமலும் அப்படித் தெரியும். பூஸ்டரின் டயாபிரத்தைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். பம்ப் மறுபக்கத்தைக் காலி செய்து தருகிறது, அவ்வளவே. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சுமார் 580தான். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அதற்கு மேல் காட்ட முடியாது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற கேஜ் ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கீழே 660 காட்டிய பம்ப் மேலே 510 அளவில் நின்றால் அது ஆரோக்கியமான பம்ப்; மெக்கானிக் புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு ஊட்டியில் பம்பைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கீழேயே 500 காட்டும் தேய்ந்த பம்ப், கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு குன்னூர் வழியாக இறங்கும்போது, உதவி அதிகம் தேவைப்படும் இடத்தில் மிகக் குறைவாகத் தரும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்து விட்டு மிதித்து விட்டு வரும்போது ஒவ்வொரு மிதிக்கும் பூஸ்டர் கொஞ்சம் காற்றை உள்ளே விடுகிறது. பம்ப் அதை மறுபடி காலி செய்ய நேரம் வேண்டும். மலைக்குப் போகும் வண்டிக்கு சமவெளி வண்டியைவிடக் கறாரான அளவுகோல் வைப்பதுதான் நியாயம்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நின்றது. இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டரில் சேமிப்பு, அதுவும் என்.ஆர்.வி நன்றாக இருந்தால். அப்புறம் லோடு வண்டியை வெறும் கால் பலத்தால்தான் நிறுத்த வேண்டும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், உங்கள் வண்டியை ஓட்டுபவரையும் செய்ய விடாதீர்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.

இ.ஜி.ஆர் வால்வுக்குப் போகும் மெல்லிய ஹோஸ் கிழிந்துவிட்டது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியே விடலாமா?

அந்த வால்வு வேக்குவம் கிடைத்தால் திறக்கும், இல்லையென்றால் மூடியே இருக்கும். அதனால் ஹோஸ் கிழிந்தால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கிழிந்த முனை வழியாக காற்று புகுந்து அதே பம்பின் வேக்குவத்தைத் தின்கிறது, அது பிரேக்கிலிருந்து போகிறது. புகையிலும் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சில ரூபாய் ஹோஸ், மாற்றிவிடுங்கள். டர்போ உள்ள வண்டியில் அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்கும் இதே போன்ற ஹோஸ் போகும். பல எஞ்சின்களில் அதில் இருப்பது வேக்குவம் இல்லை, காற்றழுத்தம். இரண்டையும் மாற்றி மாட்டிவிடாமல் இருக்க, கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய வண்டி. ஹோஸ் கழன்றதும் எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறது. ஏன்?

இன்ஜெக்ஷன் பம்பின் ஒரு முனையில் வட்டமான டயாபிரம் அறையும், காற்று போகும் வழியில் ஒரு பட்டர்ஃபிளை தகடும் இருந்தால் அது நியூமேட்டிக் கவர்னர் உள்ள எஞ்சின். டீசலில் தகடு கிடையாது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. இங்கே வேக்குவம், டீசல் அளவைத் தீர்மானிக்கும் ரேக் என்ற தண்டை இழுத்து டீசலைக் குறைக்கிறது. ஹோஸ் கழன்றால், டயாபிரம் கிழிந்தால், ஸ்பிரிங் ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளிவிடும். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஏறும். ஸ்டாப் கேபிளை உடனே இழுங்கள். இந்த ஹோஸின் இரண்டு முனையிலும் கிளிப் இல்லாமல் ஓட்டவே கூடாது.

பெட்ரோல் வண்டிக்குச் செய்வது போல கார்ப் கிளீனர் அடித்துக் கசிவைப் பார்க்கலாமா?

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அப்படிச் செய்வார்கள். கசியும் இடத்தில் பட்டால் ஐடில் மாறும். அங்கேயே சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. டீசலில் வேண்டவே வேண்டாம். லைனில் அடித்தால் பம்ப் அதை உறிஞ்சி நேராக சம்ப்புக்குள் அனுப்பும், ஏர் இன்டேக்கில் அடித்தால் எஞ்சின் அதையே எரிபொருளாக்கி ரேஸ் ஆகும்.

கடையில் என்ன ஹோஸ் கேட்க வேண்டும்?

'பிரேக் பூஸ்டர் வேக்குவம் ஹோஸ்' என்றே கேளுங்கள். பழையதை சாம்பிளுக்குக் கொண்டுபோங்கள். சுவர் தடிப்பும் உள்ளே நூல் அடுக்கும் இருக்க வேண்டும். தண்ணீர் டியூப், ரேடியேட்டர் ஹோஸ் துண்டு எல்லாம் சூட்டில் இளகி உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தில் டேப் சுற்றுவது ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரைகூட நம்பத்தக்கதல்ல, ஆயில் பட்டதும் பசை விட்டுவிடும். கிளிப்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம், அந்த இடத்திலேயே அடுத்த கிழிசல் ஆரம்பிக்கும். நீளமும் முக்கியம்: எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், ஹோஸ் விறைப்பாக இருந்தால் முனையில் உருவிக்கொண்டு வரும்.

எல்லாம் மாற்றியாயிற்று, கேஜும் சரி, பெடல் இன்னும் கட்டையாகவே இருக்கிறது?

அப்படியானால் வேக்குவத்தை விட்டுவிடுங்கள். லைனிங் சூட்டில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கலாம், டிஸ்க் பக்கம் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். பெடலின் புஷ் காய்ந்து இறுகுவதும் உண்டு. கழற்றி கிரீஸ் போட்டாலே சில வண்டிகளில் பாதி கனம் போய்விடும். அதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சக்கரமாகத் திறந்து பாருங்கள்.